இடையில் ஓர் ஆள் உயரம்

என் வீட்டுக்காரர் தஸ்தகீருக்கு உத்தியோகம் புராஜெக்ட் மேனேஜர். கல் சுமக்க மாட்டார், கொத்துக் கரண்டி பிடிக்க மாட்டார், போடுகிற காசும் அவருடையதில்லை. ஆனாலும் கொடைக்கானலில் மெட்ராஸ் கம்பெனி கட்டிய விருந்தினர் பங்களா முழுக்க அவர் தலையில்தான். அதற்கு ஒரு ஜீப், ஒரு குவார்ட்டர்ஸ், கடைவீதியில் நாலு சலாம். பதிலுக்கு டைரக்டர் ட்ரங்க் காலில் கத்தும்போது எழுந்து நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். போனைப் பார்த்துக் குனிந்து நிற்கிற மனிதரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சீ என்று இருக்கும்.

அந்தப் பங்களா இடிந்து விழுந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. என் கவலை என் நெஞ்சு. மலைக்கு வந்ததிலிருந்து இழுப்பு. பனி இறங்கினால் படுக்க முடியாது, உட்கார்ந்தே விடியும். அறுபத்திரண்டாம் வருஷச் சீசனுக்குள் வேலையை முடித்தால் மதுரைக்கு மாற்றல் என்று டைரக்டர் சொல்லியிருந்தார். அதனால் நானும் அந்தச் சனியன் முடியட்டும் என்று துஆ கேட்டேன்.

"கீழ குளிர்காயுற கணப்பு நாச்சிமுத்துக்கு, மேல புகைபோக்கி வேலுச்சாமிக்கு. ஒருத்தன் சோலியில இன்னொருத்தன் கை வைக்கக் கூடாது. இதுதாம்மா மேனேஜ்மென்ட்டு!" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே பீற்றிக்கொள்வார். வாரா வாரம் இரண்டு கொத்தனார்களையும் நிறுத்தி, "முடிஞ்சுதா?" என்பார். "எஞ் சோலி முடிஞ்சுதுங்க" என்பார்கள் இருவரும். இப்படிக் கேட்பதற்குத்தான் சம்பளம்.

கட்டி முடிந்த பங்களாவைப் பார்க்க டைரக்டர் மனைவியோடு வந்தார். சாயங்காலம் அந்தம்மாவுக்குக் குளிர். கணப்பில் விறகைப் பற்ற வைக்க என் வீட்டுக்காரரே ஓடினார். அந்தப் பங்களாவில் இவர் கையால் செய்த முதல் வேலை அதுதான். புகை மேலே போகாமல் கூடத்துக்குள் திரும்பியது. டைரக்டர் இருமிக்கொண்டு வெளியே ஓடினார். தேநீர் கொடுக்க வந்திருந்த நான் மூச்சு அடைத்துப் புல்லில் விழுந்தேன்.

மச்சில் ஏறிப் பார்த்து இறங்கினான் வேலுச்சாமி. "கணப்பு மச்சுப் பலகையோட நிக்கிதுங்க. எம் புகைபோக்கி ஓட்டுலதான் ஆரம்பிக்கிது. நடுவுல ஒரு ஆள் ஒசரத்துக்கு ஒண்ணுமே இல்லைங்க."

"அத யாரு கட்டணும்?" என்றார் டைரக்டர்.

"எங்க ரெண்டு பேருக்கும் யாரும் சொல்லலைங்களே!" என்றான் நாச்சிமுத்து.

நான் மூச்சுக்குத் தவிக்கிறேன். இவரோ என் பக்கம் திரும்பாமல், தப்பு யார் மேல் என்று டைரக்டருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு. "வேலை போகல பதுரு! இன்னும் மூணு பங்களா இங்கனயே கட்டச் சொல்லிட்டாக. சம்பளமும் கூடுது!" திட்டினால் சிரித்துக்கொள்கிற ஆளை எந்தக் கம்பெனி விடும்?

"மதுரை?"

"அது அப்பறம்னுட்டாக."

"எந் நெஞ்சப் பத்திச் சொன்னீகளா?"

"அத எப்படிம்மா டைரக்டர்கிட்ட..."

விடிந்ததும் வெள்ளனே பெட்டியை எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். மலைக்குக் கீழே அங்கேதான் என் அண்ணன் வீடு. பின்னாலேயே ஓடிவந்தார். "ஏம்மா, மூணு பங்களா கெடக்கு, என்னைய விட்டுட்டு எங்க போற?"

"எஞ் சோலி முடிஞ்சுதுங்க," என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.