ஒரே கையெழுத்தில் நூறு தாள்

எம்.எட். முடித்ததைக் கொண்டாட ஊட்டியில் ஒரு பேக்கரிக்கு வரச்சொல்லி வீரம்மா கூப்பிட்டதும் கெஸியாவுக்கு முதலில் தோன்றியது, ‘இவளுக்கு இப்போது என்ன வேண்டும்?’ என்பதுதான். “உங்க ஆய்வேட்டையும் எடுத்துட்டு வாங்க டீச்சர், ஒருதரம் பாத்துக்கறேன்” என்று வேறு சொல்லியிருந்தாள். அதுதான் உறுத்தியது.

இருவரும் வேலைக்கு லீவு போட்டுப் படிக்க வந்த ஆசிரியைகள். கெஸியா குன்னூர்க்காரி, வீரம்மா நெல்லியாளத்துப் பக்கம் எஸ்டேட் பள்ளியில் வேலை பார்ப்பவள். கெஸியா டைபாய்டில் படுத்தபோது ஒரு மாதப் பாடத்தையும் தன் கையால் எழுதிக் கொடுத்தவள் வீரம்மா. புள்ளியியல் தலையில் ஏறாமல் அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட வைத்தவளும் அவளே. சும்மா யாராவது இவ்வளவு செய்வார்களா? என் பேராசிரியரிடம் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறாளோ? என் தலைப்பைத் திருடப் பார்க்கிறாளோ? ஆண்டவர் கெஸியாவுக்கு நல்ல மூளையைக் கொடுத்தார், சந்தேகத்தை அதைவிடத் தாராளமாகக் கொடுத்துவிட்டார்.

எழுதப் படிக்கத் தெரியாத தேயிலைத் தோட்டத் தொழிலாளித் தாய்மார்களின் பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காக வருகிறார்களா என்பதுதான் கெஸியாவின் ஆய்வு. கேள்வித்தாள்களில் நூறை வீரம்மா நெல்லியாளத்துக்கு எடுத்துப் போனாள். இன்னொரு நூறைக் குந்தாப் பக்கம் வேலை பார்க்கும் வகுப்புத் தோழர் சில்வஸ்டர் வாங்கிக்கொண்டார். திரும்பி வந்தபோது சில்வஸ்டரின் தாள்களில் விதவிதமான கையெழுத்து. வீரம்மாவின் நூறிலும் ஒரே கையெழுத்து, ஒரே நீல மை. டைபாய்டு நோட்டில் பார்த்த அதே கையெழுத்து.

‘மாட்டினாயா!’ என்று கெஸியாவுக்கு உள்ளூர ஒரு திருப்திகூட வந்தது. வாய்திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீரம்மாவின் நூறையும் ஒதுக்கிவிட்டு, சில்வஸ்டரின் நூறை மட்டும் வைத்து ஆய்வை எழுதினாள். சந்தேகம் வெளியே தெரியக்கூடாதென்று நன்றியுரையில் வீரம்மாவின் பெயரை முதலில் போட்டாள். டிஸ்டிங்ஷனும் வந்துவிட்டது.

பேக்கரியில் ஆய்வேட்டைப் புரட்டிய வீரம்மா நன்றியுரைப் பக்கத்தில் நிற்கவில்லை. நேரே அட்டவணைக்குப் போய் விரலை வைத்துத் தேடினாள்.

“நெல்லியாளம் எங்கீங்க டீச்சர்?”

கெஸியா தேநீரைக் கலக்கினாள். “கொஞ்சம் தாள் சரியில்லீங்க.”

“கொஞ்சமா? நூறுமா?”

இனி மறைக்க முடியாது. கோபம்கூட வந்தது, தப்பு செய்தவள் இவள், முழிப்பது நானா? “எல்லாம் உங்க கையெழுத்தா இருந்துச்சுங்க. நீங்களே உக்காந்து எழுதிட்டீங்கன்னு நினைச்சேன்.”

வீரம்மா அட்டவணையிலிருந்து விரலை எடுத்தாள். “நான்தாங்க எழுதினேன். சாயங்காலம் கொழுந்து எடை போடுற எடத்துல நின்னு, ஒவ்வொருத்தரா கேட்டு எழுதினேன். அவங்களுக்கு எழுதத் தெரியாதுன்னுதானே டீச்சர் உங்க ஆய்வே?”

வீரம்மா மெதுவாகவே கேட்டாள். “எழுதத் தெரியாத அம்மாங்க தாள்ல விதவிதமா கையெழுத்து எப்படீங்க வந்துச்சு?”

“பிள்ளைங்க பக்கத்துல இருந்து எழுதியிருக்கும்.”

“கேட்டீங்களா?”

கேட்கவில்லை. அங்கேயே சில்வஸ்டருக்குப் போன் போட்டு, தாள்களை யார் எழுதினார்கள் என்று கேட்டாள். அவர் குரல் எப்போதும் மைக் வைத்தது மாதிரிதான். எதிரில் இருந்தவளுக்கும் தெளிவாகக் கேட்டது.

“அதுங்களா? பத்தாங்கிளாஸ் பசங்ககிட்ட ஆளுக்கு மூணு கொடுத்தேன். அம்மா சொல்ற மாதிரி நெனச்சு எழுதுங்கடான்னேன். ஒரே பீரியட்ல முடிச்சுட்டானுங்க! ஏனுங்க, அதான் பாஸாயிட்டீங்களே?”

கெஸியா போனை வைத்தாள். ஊரையெல்லாம் சந்தேகித்தவள், சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆளை விட்டிருந்தாள். தன் டிஸ்டிங்ஷன் முழுவதும் அந்த ஒரு பீரியட்டின்மேல் நிற்கிறது என்று நினைத்தபோது அவமானத்தில் முகம் எரிந்தது.

வீரம்மா ஆய்வேட்டை மூடி அவள் பக்கம் நகர்த்தினாள். “என் நூறு தாளையும் குடுத்துருங்க டீச்சர். முப்பது கிலோ கொழுந்தை எறக்கி வெச்சுட்டு, மழையில நின்னு சொன்னாங்க. நானாச்சும் வெச்சிருக்கேன்.”

கெஸியாவுக்கு அழுகைதான் வந்தது. போன மாதமே வீட்டைச் சுத்தம் செய்தபோது, அவற்றைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டிருந்தாள்.