செவலையின் கயிறு

காலை ஏழரைக்குப் பட்டிக்குள் நுழைந்த கால்நடை டாக்டர் பொற்கொடி, தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே மாடுகளை எண்ணினாள். ஒன்பது. நேற்று பத்து இருந்தன.

"செவலை எங்கீங்கண்ணா?"

பட்டிக்காரர் வெள்ளியங்கிரி துண்டால் கண்ணைத் துடைத்தார். "போயிருச்சுங்க அம்மணி. விடியக்காலம் குழி தோண்டிப் பொதச்சுபோட்டனுங்க."

வேலியோரம் புது மண்மேடு. மேலே சுண்ணாம்புத்தூள்கூடத் தூவியிருந்தார், அவள் சொல்லிக்கொடுத்தபடியே.

தொண்ணூற்றைந்தாம் வருசத்து ஐப்பசி மழை விட்டதிலிருந்து வெள்ளகோவில் வட்டாரத்தில் தொண்டை அடைப்பான். மூச்சுத் திணறடித்து இரண்டே நாளில் மாட்டைச் சாய்க்கிற நோய். ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தால் போதும், அடுத்த மாட்டுக்குத் தாவிவிடும். பட்டிக்குப் பட்டி காய்ச்சல் பார்த்து நோட்டில் குறித்து வந்தாள் பொற்கொடி. செவலைக்கு நேற்று நூற்று நாலு டிகிரி, லேசாக மூக்கொழுகல்.

"இது பட்டியைத் தாண்டக் கூடாதுங்கண்ணா" என்றதற்கு, "குலசாமி மேல ஆணைங்க" என்றிருந்தார். ஊரே ஊசிக்குப் பயந்தபோது முதல் ஆளாகத் தன் மாடுகளைப் பிடித்துக் கொடுத்த மனுசன். அவர் வார்த்தையை நம்பித்தான், இன்றைய சந்தையை மூடத் தேவையில்லை என்று மேலதிகாரிக்கு எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

"மனசை உட்றாதீங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, நோட்டில் 'இறப்பு' என்று எழுதினாள். கை கழுவச் சாளைக் குடிசைப் பக்கம் போனவள் அப்படியே நின்றாள்.

சுவர் ஆணியில் செவலையின் தலைக்கயிறு. பித்தளை மணியோடு, கழுவி, மஞ்சள் தடவி.

செத்த மாட்டின் கயிறு இந்தப் பக்கம் குழிக்குள்ளேயே போய்விடும். விற்ற மாட்டின் கயிறுதான் வீடு தங்கும். கயிற்றோடு கொடுத்தால் பட்டியின் ராசியும் கூடவே போய்விடுமாம்.

"குழிக்குள்ள என்னங்கண்ணா இருக்குது?"

வெள்ளியங்கிரி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"தோண்டிப் பாக்கச் சொல்லட்டுங்களா?"

"வெறும் மண்ணுதானுங்க." குரல் இறங்கியது. "அஞ்சு மணிக்கே சந்தைல கைமாத்திப்போட்டனுங்க. பெருந்துறைப் பக்கத்து ஆளு. பேரு கேக்கலீங்க."

"மூக்கொழுகலை அந்தாளு பாக்கலீங்களா?"

"நீங்க குடுத்த பஞ்சுலதான் தொடச்சு உட்டனுங்க."

பொற்கொடி கயிற்றை எடுத்துப் பையில் போட்டாள்.

"என்னைய மாட்டி உட்றாதீங்க அம்மணி. கூடப் பொறந்தவளாட்ட நெனச்சனுங்க உங்களை."

"நெனச்சுத்தான் எங்கிட்ட அழுது காட்டுனீங்களாக்கு?"

நோட்டில் 'இறப்பு' என்பதை அடித்தாள். சந்தைத் தொட்டியில் இந்நேரம் எத்தனை மாடு வாய் வைத்திருக்குமோ. உடனே மூட வேண்டும். நேற்றே ஏன் மூடவில்லை என்று கேட்பார்கள். அதற்கு அவளிடம் இருந்தது அவள் கையெழுத்து மட்டும்தான்.

மொபெட்டை மிதித்தாள். சந்தைக்கு நாலு மைல். பைக்குள் அந்த மணி வழி நெடுகக் கிணுகிணுத்துக்கொண்டே வந்தது.