யார் காலுக்கு

ரேஷ்மா நாலடி ஒன்பது அங்குலம். அவள் புருஷன் பிரிட்டோ ஆறடி. பக்கவாதம் வந்து அவனுடைய இடது பக்கத்தைச் சாய்க்கும்வரை இந்த வித்தியாசம் யாரையும் உறுத்தியதில்லை. இப்போது அவனுடைய பைக்கில் விடிகாலையில் கோவளம் போய் மீன் எடுத்து, ராஜகீழ்ப்பாக்கத்தில் தெருத்தெருவாக விற்கிறவள் அவள்தான்.

மெக்கானிக் தயாளன் சீட்டை இறக்கி, பிரேக் மிதியைத் தாழ்த்தி, கியர் லீவரைக் கழற்றி, அது பொருந்தும் தண்டின் பற்களில் அவள் பாதத்துக்கு எட்டும்படி ஒரு பல் தள்ளி மாட்டிக் கொடுத்தார். வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும். இவள் சும்மா இருந்தால்தானே?

ஞாயிறு வியாபாரம் முடிந்ததும் லீவரைப் பழைய இடத்துக்கே மாற்றச் சொல்வாள். சாயங்காலம் அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் பிரிட்டோவைத் தூக்கி, ஸ்டாண்டு போட்ட வண்டியில் உட்கார வைப்பார்கள். அவனுடைய இடது காலை எடுத்து லீவர்மேல் இவள் வைப்பாள்.

"கால்ல கியர் படுதா?"

"நல்லா படுது" என்று சிரிப்பான்.

அந்த ஒரு சிரிப்புக்காகத்தான் இத்தனையும். திங்கட்கிழமை மீன் எடுக்கப் போகமாட்டாள். அன்றைக்கு லீவர் மறுபடி அவள் காலுக்கு வரும். பதினொரு மாதம் இப்படியே ஓடியது.

போன சனிக்கிழமை, பெட்டி நிறைய மீனோடு கேளம்பாக்கத்தில் திரும்பும்போது லீவர் வெறுமனே சுற்றியது. கியர் விழவில்லை. பின்னால் வந்த பஸ் ஒரு முழம் தள்ளி நின்றதால் பிழைத்தாள்.

தயாளன் குனிந்து பார்த்தார். "பல்லு மொத்தம் தேஞ்சுபோச்சும்மா. வாரத்துக்கு ரெண்டு தபா கயட்டி மாட்டினா இன்னா ஆவும்? இனிமே வெல்டிங்தான். வெச்சா ஒரே எடம், அப்பால மாத்த முடியாது. யார் காலுக்கு வெக்கட்டும்?"

கேட்டுச் சொல்வதாக வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கு வந்து பிரிட்டோவிடம் சொன்னாள்.

"உங்க காலுக்கே வெச்சிடலாங்க. நான் எப்பிடியோ ஓட்டிக்கிறேன். கிறிஸ்மஸுக்குள்ள நீங்க எழுந்துடுவீங்க."

பிரிட்டோ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உன் காலுக்கு வெச்சுக்க. எனக்கு அந்தக் கால்ல ஒண்ணுமே தெரியல, ரேஷ்மா. மொத ஞாயித்துக்கெயமையே தெரியல. நீ ஆசையா கேட்டியேன்னுதான் படுதுன்னு சொல்லிகினு இருந்தேன்."

ரேஷ்மா எழுந்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு தயாளனிடம் போனாள்.

"என் காலுக்கே வெச்சிடுங்கண்ணா" என்றாள்.