ஃப்ரிட்ஜில் ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டி

முதலில் காணாமல் போனது டீயில் இருக்க வேண்டிய சர்க்கரை. லிஃப்ட் மெக்கானிக் ஒரு வாய் உறிஞ்சிவிட்டுத் தன் மனைவியைப் பார்த்தான். அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, சர்க்கரை போட மறந்துட்டியா?"

"மறக்கல. இனிமே இந்த வீட்ல யாருக்கும் சர்க்கரை கிடையாது. எனக்கும்தான்."

சொல்லும்போதே மாமியாரின் குரல் உடைந்தது. அது லேசில் உடைகிற குரல் இல்லை. முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த குரல். முன் படியில் நின்று பேசினால் கடைசி சீட்டில் தூங்குகிறவன் விழித்துக்கொள்வான். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்குக் கண்டக்டரம்மா என்றுதான் பெயர். ஒரு விஷயம் தெரு முழுக்கத் தெரிய வேண்டுமென்றால் அவர் காதில் போட்டால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

அதனால்தான் மருமகள் இந்தத் தடவை அவரிடம் மூச்சு விடவில்லை.

குழந்தைக்காகச் செய்துகொண்ட சிகிச்சையில் போன தடவை பட்டது போதும். டாக்டர் கருவை உள்ளே வைத்து அனுப்பிய அன்றே கண்டக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. காய்கறிக்காரர்கூட, "பாத்து நடம்மா" என்றார். இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. அதன் பிறகு ஆளுக்கு ஒரு பழமும் ஆறுதலுமாக வந்தார்கள் பாருங்கள், அந்த ஆறுதலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். நன்றாக இருக்கிற கண்ணாடியில் திருகு தளர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்கவே இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு, தளராத திருகை முடுக்கிக் கொடுத்து அனுப்பினாள்.

எனவே இந்த முறை காதும் காதும் வைத்தாற்போல் முடிக்க வேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்டார்கள். கருமுட்டை வளர்வதற்கு தினமும் வயிற்றில் ஊசி போட வேண்டும். பேனா மாதிரி இருக்கும், பின்பக்கத்தைத் திருகி அளவு வைக்க வேண்டும், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். எங்கே ஒளிப்பது? அவள் தயங்கவே இல்லை. கடையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து, ஊசிப் பேனாவை அதில் போட்டுக் காய்கறித் தட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். நாள் முழுக்க அந்தப் பெட்டிகளோடு குப்பை கொட்டுகிறவளுக்கு, உலகத்திலேயே யாரும் திரும்பிப் பார்க்காத சாமான் அதுதான் என்று தோன்றிவிட்டது. மேஜைமேல் இருந்தால் யாரும் பார்க்கமாட்டார்கள், சரி. ஃப்ரிட்ஜுக்குள் மூக்குக்கண்ணாடிப் பெட்டி இருந்தால் எந்த மனுஷிதான் திறக்காமல் இருப்பாள்?

கண்டக்டரம்மா திறந்தார். பார்த்ததும் அவருக்குக் கைகால் ஓடவில்லை. அவர் கணவர் சர்க்கரை வியாதியில்தான் போனார். முதலில் கால் போனது, அப்புறம் ஆளே போய்விட்டார். கடைசிவரை அவருக்குப் போட்டது இதே மாதிரித் திருகுகிற பேனா ஊசிதான். அப்படியானால் மகனுக்கும் வந்துவிட்டது, இந்த வயதிலேயே வந்துவிட்டது, பெற்றவளிடம் சொல்லாமல் மறைக்கிறார்கள்.

டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டு, இரண்டு நாள் மென்று விழுங்கிப் பார்த்தார். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேவிட்டார். "டேய், உங்கப்பாவுக்கு இருந்தது உனக்கும் வந்துடுச்சா? மறைக்காம சொல்லுடா."

மெக்கானிக்குக்கு ஒரு விநாடி ஒன்றும் புரியவில்லை. மேஜைக்கு அடியில் மனைவி காலை மிதித்ததும் புரிந்தது. திருட்டு முழி முழித்துக்கொண்டு, "கொஞ்சமாத்தாம்மா இருக்கு" என்றான்.

அந்த ஒரு பொய்க்கு அவன் பட்ட பாடு இருக்கிறதே! விடிந்ததும் அம்மா அவனை எழுப்பி நடக்க இழுத்துக்கொண்டு போவார். சாப்பாட்டில் ருசி என்று எதுவும் மிச்சமில்லை. வேலைக்குப் போகும் வழியில் திருட்டுத்தனமாக ஒரு பன் வாங்கித் தின்றுவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு அலைந்தான். இரவு ஊசி நேரத்தில் இருவரும் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டால் வெளியிலிருந்து குரல் வரும்.

"ஊசி போடறதுக்குக் கதவு எதுக்குடா? சரியா போடறியான்னு நான் பாக்கணும்!"

"கூச்சமா இருக்கும்மா!"

"உன்னைப் பெத்தவடா நான்!"

உள்ளே மருமகள் சட்டையைத் தூக்கி, தொப்புளுக்குப் பக்கத்தில் சதையைக் கிள்ளிப் பிடித்துத் தானே குத்திக்கொள்வாள். ஆளில்லாத லிஃப்ட் குழியில் கயிற்றில் தொங்குகிற புருஷனுக்கு ஊசியைப் பார்த்தால் கண்ணை இருட்டும், பாவம். அவள் சிரிப்பை அடக்கத் தலையணையைக் கடித்தாள். ஆனால் ஒருநாள் சமையலறையில் மாமியார் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவதைப் பார்த்த பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இல்லாத வியாதிக்கு ஒரு தாய் அழுகிறாள். சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. பழத்தோடு வந்து நின்ற தெருக்காரர்களின் முகங்கள் ஞாபகத்துக்கு வர, வாயை மூடிக்கொண்டாள்.

வளர்ந்த முட்டைகளை எடுத்தார்கள். வீட்டில் கடை வேலையாக வெளியூர் என்று சொன்னாள். கருவை உள்ளே வைத்தார்கள். அன்றைக்குத் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். பேனா ஊசி முடிந்து, ஃப்ரிட்ஜில் வைக்கத் தேவையில்லாத வேறொரு ஊசி தொடங்கியது. அதை அலமாரியில் துணிக்கு நடுவில் வைத்தாள். காலிப் பேனா பெட்டியிலேயே கிடந்தது. அதை எடுத்துப் போட அவளுக்குத் தோன்றவே இல்லை.

பரிசோதனை நாள் வந்தது. காலையில் ரத்தம் கொடுத்தாள். மத்தியானம் போனில் சொல்கிறோம் என்றாள் நர்ஸ். துணைக்கு வந்த புருஷனை ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது என்று கூப்பிட்டுவிட்டார்கள். அவள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். இந்தத் தடவையும் இல்லையென்றால் இனி முயற்சி செய்யத் தன்னிடம் தெம்பு இல்லை என்பது அவளுக்கே தெரியும். புருஷனிடம்கூட அதைச் சொல்லவில்லை.

அப்போது உள்ளேயிருந்து கண்டக்டரம்மா வெளியே போகிற உடையில் வந்தார். தோளில் பை, கையில் அந்த மூக்குக்கண்ணாடிப் பெட்டி. வாசல் கதவை விரியத் திறந்தார்.

"எங்க அத்தை கிளம்பிட்டீங்க?"

"முனை மருந்துக்கடைக்குத்தான். இந்தப் பேனா காலியாகி எத்தனை நாளாச்சு, பாத்தியா? துரை ஊசியை நிறுத்திட்டார். அவங்கப்பாவும் இப்படித்தான், நல்லாயிட்டேன்னு நிறுத்தினாரு. நான் சும்மா இருந்தேன். இந்தத் தடவை சும்மா இருக்கமாட்டேன். இதையே காட்டி நானே வாங்கிட்டு வரேன்."

முனை மருந்துக்கடையில் எந்நேரமும் தெருவில் பாதிப் பேர் நிற்பார்கள். கடைக்காரர் பேனாவைப் பார்த்ததும் இது எதற்கான ஊசி என்று சொல்லிவிடுவார். அவள் எழுந்து போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, அவருக்கு சுகர் இல்ல."

"என்ன?"

"அவருக்கு ஒண்ணுமே இல்ல. இது எனக்குப் போட்ட ஊசி. குழந்தைக்காக. மறுபடியும் பண்ணினோம். உங்ககிட்ட சொல்லல." சொல்லி முடித்ததும் தலை தானாகக் குனிந்தது.

கண்டக்டரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவனுக்கு சுகர் இல்லையா? நெஜமா இல்லையா?"

"இல்ல அத்தை. தினம் பன் வாங்கித் தின்னுட்டுத்தான் வேலைக்குப் போறாரு."

"படுபாவி!" என்று கத்தினார் கண்டக்டரம்மா. பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். போன உயிர் திரும்பி வந்த மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு, கூடத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"இரு. அப்போ அத்தனை ஊசியும் நீயா குத்திக்கிட்ட?"

அவள் சட்டை நுனியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"காட்டு."

"வேணாம் அத்தை."

"காட்டும்மா."

அவள் சட்டையைக் கொஞ்சம் தூக்கினாள். தொப்புளின் இரண்டு பக்கமும் பழையது மஞ்சளாகவும் புதியது நீலமாகவும் கன்றிக் கிடந்தது. கண்டக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். தொடக் கையை நீட்டி, தொட்டால் வலிக்குமோ என்று எடுத்துக்கொண்டார்.

"நான் அந்தப் பக்கம் கதவைத் தட்டிக்கிட்டு நின்னேன். நீ இந்தப் பக்கம் இதைப் பண்ணிக்கிட்டு இருந்திருக்க" என்றார். "என்கிட்ட ஏன் சொல்லலன்னு கேக்கமாட்டேன். ஏன்னு எனக்கே தெரியும்."

போன் அடித்தது.

மருத்துவமனை எண். அவள் போனை அத்தை பக்கம் நீட்டினாள். "என்னால முடியல அத்தை."

"எடு. நான் இருக்கேன்ல."

எடுத்தாள். நர்ஸ் பெயரைச் சரிபார்த்தாள், பிறந்த தேதியைக் கேட்டாள், அப்புறம் சாவகாசமாகச் சொன்னாள். "பாசிட்டிவ் வந்திருக்குங்க. அளவும் நல்லா இருக்கு. ரெண்டு நாள் கழிச்சு வந்து இன்னொரு தடவை ரத்தம் குடுங்க, ஏறுதான்னு பாக்கணும். மருந்து எதையும் நிறுத்திடாதீங்க." அவள் சரி என்றாள். மறுபடி சரி என்றாள். நர்ஸ் வைத்த பிறகும் போனுக்குள் சரி சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கண்டக்டரம்மாவுக்கு அவள் முகத்திலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. "என்னம்மா சொல்றாங்க?"

"இருக்காம் அத்தை."

உடம்பு முழுக்க இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று விட்டுப்போனது. எத்தனை நாளாக அப்படிப் பிடித்து வைத்திருந்தோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பார்த்தாள். லிஃப்ட் குழிக்குள் சிக்னல் இல்லை. ஆக, யாருக்குத் தெரியவே கூடாது என்று இத்தனை நாடகம் ஆடினார்களோ, அந்த மனுஷிக்குத்தான் இந்தச் சேதி முதலில் தெரிந்தது. அதில் அவளுக்கு வருத்தமே இல்லை.

கண்டக்டரம்மா நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அத்தை."

"ம்."

"ஒருவேளை இல்லைன்னு சொல்லியிருந்தா?"

கண்டக்டரம்மா யோசிக்கவில்லை. "சொல்லியிருந்தா என்ன? இதே எடத்துலதான், உன் பக்கத்துலதான் உட்கார்ந்திருப்பேன். எனக்கு வேற என்ன வேலை?"

அவள் அத்தையின் தோளில் சாய்ந்து அழுதாள். போன தடவை ஒரு சொட்டுக்கூட யார் முன்னாலும் சிந்தாதவள், இப்போது வாய்விட்டு, சத்தம் போட்டே அழுதாள். வாசல் கதவு திறந்துதான் கிடந்தது. தெருவில் யார் போனார்கள், யார் நின்று பார்த்தார்கள் என்று அவள் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.