சிவப்பு வாளி வராத காலை

1

இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் வாளியிலிருந்து வந்தது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2008 மார்கழியில் ஓசூரில் எங்கள் தெருவைச் சுற்றிவந்த சிவப்பு வாளி அது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பனி படர்ந்த அந்த அதிகாலையில் மின்கம்பிகள் துயரத்தோடு...’

(வேண்டாம். கம்பிக்கு என்ன துயரம்? துயரமெல்லாம் அதற்குக் கீழே குளிக்கப் போகிறவனுக்குத்தான்.)

2

நாங்கள் கம்பெனி வேலைக்காக மதுரை, நெல்லை, சேலம் என்று பல ஊரிலிருந்து வந்தவர்கள். ஓசூர்க் குளிர்* எங்கள் உடம்புக்கு ஒத்துவராது. முதல் ஷிப்ட் பஸ்ஸுக்கு முன்னால் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஹீட்டர் ராடைப் போடுவோம். தெருமுனை டிரான்ஸ்பார்மர் எத்தனை ராடைத்தான் தாங்கும்? வோல்டேஜ் இறங்கி விளக்குகள் மங்கும்.

மற்றவர்களுக்கு அது எரிச்சல். ஜோதிமணிக்கு உயிர்ப் பிரச்சினை. அவள் மகள் ஸ்வாதிக்கு வீசிங். இழுப்பு வந்தால் மருந்தைப் புகையாக்கித் தரும் மெஷின் ஓடவேண்டும். வோல்டேஜ் இறங்கினால் அது நின்றுவிடும்.

அதற்காகத்தான் எங்கள் வரிசையிலிருக்கும் சரோஜம்மாள் வாளியைக் கொண்டுவந்தார். எதிர் வரிசைக்கு ஒன்று, எங்கள் வரிசைக்கு இந்தச் சிவப்பு வாளி. யார் வீட்டுக் கேட்டில் வாளி தொங்குகிறதோ அவர்கள் மட்டும் ஹீட்டர் போடலாம். முடிந்ததும் பக்கத்து வீட்டுக் கேட்டில் மாட்டிவிட வேண்டும். யார் சொல்லுக்கும் அடங்காத தெரு, வாளிக்கு அடங்கியது.

(* மெட்ராஸ்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். ஒரு மார்கழி இங்கே குளித்துவிட்டுச் சிரிக்கட்டும்.)

3

கதைக்கு ஒரு தப்பு வேண்டுமே. எங்கள் வரிசை மோகன்குமார் செய்தான். தன் வீட்டு வாளி ஓட்டையென்று சிவப்பு வாளியிலேயே தண்ணீர் பிடித்துக் குளித்தான். அதைக் குளியலறையிலேயே விட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜூஜுவாடிக்கு வேலைக்குப் போய்விட்டான். எங்கள் வரிசைக்கு வாளி இல்லை. ஸ்வாதிக்கு இழுப்பு வந்ததும் அன்றைக்குத்தான்.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். எழுத்தாளன் மட்டும் என்ன ஒழுங்கு? எழுதினேன்: ‘பொறுமையிழந்த ஒருவர் வாளி வராமலே சுவிட்சைப் போட்டார். விளக்குகள் மங்கின. மெஷின் நின்றது. ஸ்வாதி...’

(முடிக்கவில்லை. கை வரவில்லை.)

4

மகள் பெயர் இருப்பதால் ஜோதிமணியிடம் படிக்கக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

“அந்த சுவிச்சப் போட்டது யாரு சார்?”

“கதைக்காக ஒருத்தர்ம்மா.”

“பேரச் சொல்லுங்க பாக்கலாம்.”

பொன்னுசாமி என்றேன். வெந்நீர் இல்லையென்றால் கம்பெனிக்கே லீவு போடுகிற ஆள்.

“அவரா? பச்சத்தண்ணிய ஊத்திக்கிட்டு வெடவெடன்னு நடுங்கிட்டே பஸ் ஏறுனாரு. நானே பாத்தேன்.”

குளிக்காமல் அடுப்புப் பற்றவைக்காத சரோஜம்மாள்?

“ஒவ்வொரு சொம்புக்கும் அந்தம்மா கோவிந்தா கோவிந்தான்னு கத்துனது மெஷின் சத்தத்தயும் மீறிக் கேட்டுச்சு சார்.”

“சரி, நானே போட்டதா எழுதிடறேன்.”

“நீங்க அன்னிக்குக் குளிக்கவே இல்லன்னு அக்கா சொன்னாங்களே.”

(இந்த வரியை அடிக்கப் பார்த்தேன். என் மனைவி விடவில்லை.)

ஜோதிமணி தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “மெஷின் நிக்கவே இல்ல சார். எம்பொண்ணு இட்லி சாப்ட்டு ஸ்கூலுக்குப் போனா. வாளி இல்லன்னா சுவிச்சத் தொட மாட்டாங்க, எங்க தெருவுல.”

சொல்லும்போது அவள் தலை நிமிர்ந்திருந்தது. எனக்கும் நிமிர்ந்துவிட்டது. வில்லன் கிடைக்காமல் இவ்வளவு பெருமைப்பட்ட எழுத்தாளன் வேறு யாராவது இருக்கிறானா, தெரியவில்லை.

5

ஆனாலும் கதைக்கு ஒரு முடிவு வேண்டும். ஜோதிமணி வீட்டை ஒட்டி ஒரு வீடு காலியாக இருக்கிறது. வாசகரே, உங்களை அங்கே குடிவைக்கிறேன்.

மார்கழிக் காலை. தண்ணீரில் விரல் வைத்தால் எலும்புவரை ஏறுகிறது. முக்கில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. ராடு தண்ணீருக்குள் தயாராக இருக்கிறது. எட்டிப் பார்க்கிறீர்கள், கேட்டில் வாளி இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களை யாரும் பார்க்கவில்லை. நானும் இதோ பேனாவை மூடிவிட்டேன்.

சுவிட்ச் கதவுக்கு வலப்பக்கம்.