நேசையாவின் எர்த் வயர்

என் அக்காள் கணவர் நேசையா, இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவியும் மெக்கானிக்கும் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளாத மேதை. "பிள்ளைய என் கார்லதான் கூட்டிட்டுப் போவேன், என் கையப் பிடிச்சுதான் அவ சர்ச்சுக்குள்ள நடக்கணும்" என்றார். யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் வகுப்பு எடுப்பார்.

அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்குக் கிளம்பினோம். அத்தான் ஓட்ட, பக்கத்தில் நான், பின்னால் வெள்ளைப் பட்டில் அவர் மகள், மணப்பெண் ஃபெபி. மற்றவர்கள் வேனில் முன்னமே போய்விட்டார்கள். வீரவநல்லூர் தாண்டியதும் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் உச்சிக்கு ஏறியது, பொத்தென்று விழுந்தது, மறுபடி ஏறியது.

"அத்தான், ரேடியேட்டர்ல தண்ணி இருக்கான்னு பார்ப்போமா?"

"முள்ளு இப்படித் துள்ளுனா எர்த் வயர் லூசுன்னு அர்த்தம் வே. சூடு பையத்தான் ஏறும். பத்தாங்கிளாஸ் பாடம்."

சேரன்மகாதேவியில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வயரை முறுக்கினார். ரேடியேட்டர் தண்ணீர் டப்பா ஒரு சாண் தள்ளி இருந்தது. பாடத்தில் இல்லாததால் தொடவில்லை.

கிளம்பியதும் முள் அடியில் போய்ச் சமர்த்தாகப் படுத்துக்கொண்டது.

"என்ன வே, பாத்தீரா?"

"அப்பா, கருகுன வாடை அடிக்கி," என்றாள் ஃபெபி.

"வயக்காட்டுல வைக்கோல் எரிக்கான்மா."

பத்தமடை தாண்டி, இன்ஜின் ஒரு முனகலோடு இறுகி நின்றது. ஹோஸ் கிழிந்து தண்ணீர் முழுக்க வழியிலேயே ஒழுகியிருந்தது. தண்ணீர் வற்றினால் சூட்டை அளக்கும் சென்சார் வெறுங்காற்றில் தொங்கும். முள்ளுக்கு அது குளிர்ச்சி. அத்தான் "எர்த்து..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

நான் போன் போட்டதும், சர்ச்சிலிருந்து அவர் தம்பி ஜாபேஸ் கிடைத்த பைக்கில் வந்தான்.

"என்னண்ணே, நடுரோட்டுல பாடம் நடக்கா?"

"ஏலே, பிள்ளைய முதல்ல கொண்டு சேரு. நாங்க பஸ்ல வாரோம்."

ஃபெபி சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். முகூர்த்த நாள், வந்த பஸ்ஸெல்லாம் படியில் ஆளைத் தொங்கவிட்டபடி நிற்காமல் போயின. அத்தான் ஒவ்வொன்றுக்கும் கை நீட்டினார், கோட்டோடு.

போன் அடித்தது.

"அப்பா, அடுத்த கல்யாணத்துக்கு ஆள் வந்தாச்சாம். பாஸ்டர் இனி நிக்க முடியாதுன்னுட்டாவ. சித்தப்பா கையப் பிடிச்சிட்டுப் போகட்டுமா?"

"போம்மா."

விளக்கம் எதுவும் சொல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. போனுக்குள் ஆர்கன் தொடங்கியது. அங்கிருந்தே யாரோ போனைத் துண்டித்தார்கள். அத்தான் ரோட்டோரம் நின்றார், வலது முழங்கை மட்டும் ஒரு கை நுழைய இடம் விட்டு மடங்கியிருந்தது.