யபி, யப்பி

க்யிம்யிண்டைங் படகுத்துறையைத் தாண்டியதும் பஸ் ஒரு தரம் இருமிக் குலுங்கியது. கலா மடியிலிருந்த பழப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இடப்பக்கம், ஜன்னலோரமாக அவள் புருஷன் உதயசூரியன் வெளியே பார்த்தபடி வந்தான். இருவரும் துக்கம் விசாரிக்கப் போகிறார்கள். செத்துப்போனவன் ஜாபிர். ஆற்றோரத்து இறால் கம்பெனியில் இவனோடு ஒன்றாய் மாரடித்தவன். ‘கோ உதயா’ என்று பர்மிய மரியாதை வைத்துக் கூப்பிடுவான், அடுத்த வாயிலேயே தமிழில் நாக்கூசாமல் திட்டுவான். அவனை அடக்கம் செய்த அன்று உதயசூரியனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வராத அழுகை அன்றிலிருந்து தொண்டையில் சோற்றுருண்டையாக அடைத்துக்கொண்டு நிற்கிறது.

இறால் கழுவப் பனிக்கட்டி மாதிரி தண்ணீர் வேண்டும். அதைத் தருவது சில்லர். கம்ப்ரசர் அழுத்தி அனுப்புகிற கேஸ், செப்புக் குழாய்களைச் சுற்றிப் போய் உள்ளே ஓடும் தண்ணீரின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு வரும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் குழாய்க்குள்ளேயே உறைந்து, உப்பி, செம்பைப் பிளந்துவிடும். அதனால் போடும்போது முதலில் பம்ப், அப்புறம்தான் கம்ப்ரசர். நிறுத்தும்போது முதலில் கம்ப்ரசர், அப்புறம்தான் பம்ப். ஆட்கள் மறந்தாலும் மெஷின் மறக்கக்கூடாது என்று குழாய்க்குள் ஒரு தகட்டு சுவிட்சும் வைத்திருப்பார்கள். ஓட்டம் நின்றால் தகடு விழும், கம்ப்ரசர் தானாக அணைந்துவிடும்.

அந்த சுவிட்ச் என்றைக்கோ கெட்டுப்போயிற்று. கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் அது எத்தனை அடியைத் தாங்கும், பாவம். புதுசு வரும்வரை வயரை நேராக இணைத்து ஓட்டச் சொன்னார் மேனேஜர். உதயசூரியன்தான் இணைத்தான். புதுசு வரவே இல்லை. தகட்டுக்குப் பதிலாக ஜாபிரின் தொண்டை வேலை பார்த்தது. கீழே பள்ளத்தில், தொட்டியருகே நின்று பம்பைப் போட்டு, தண்ணீர் ஓடியதும் ‘யபி’ என்று கூவுவான். ஆயிற்று, சரி, போதும், எல்லாவற்றுக்கும் பர்மியத்தில் அந்த ஒரே சொல்தான். மேலே பேனலில் நிற்கும் இவன் கம்ப்ரசரைப் போடுவான். ஜாபிர் சொன்ன பிறகு அழுத்தம் காட்டும் கேஜைப் பார்க்கிற வழக்கமே இவனுக்குக் கிடையாது. அவன் மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

அன்றைக்கும் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. கீழேயிருந்து குரல் வந்தது, இவன் பட்டனை அமுக்கினான். பம்ப் ஓடவில்லை என்பது தெரிவதற்குள் உள்ளே தண்ணீர் உறைந்து குழாய் பிளந்து, கேஸ் முழுவதும் தண்ணீர் லைன் வழியாகத் தொட்டிக்கு இறங்கிவிட்டது. அந்த கேஸுக்கு மணம் கிடையாது. காற்றைவிடக் கனம். பள்ளத்தில் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். கேஜ் முள் சடசடவென்று விழுவதைப் பார்த்து இவன் ஓடிப்போய் எட்டிப் பார்த்தபோது, ஜாபிர் பம்பைக் கட்டிப்பிடித்த மாதிரி கவிழ்ந்து கிடந்தான். ஸ்பேனர் கையிலேயே இருந்தது.

விசாரணையில் இவன் காதில் விழுந்ததைத்தான் சொன்னான். யபி என்றான், நான் போட்டேன். பொய் இல்லை. தண்ணீர் ஓடாமலே ஜாபிர் கூவிவிட்டான், அவனுடைய கவனக்குறைவு என்று கம்பெனி முடித்துவிட்டது. ஊர் வாய் சும்மா இருக்குமா, தெருவெல்லாம் அதே பேச்சு. சாவும் போதாதென்று ஜாபிருக்கு இந்தப் பெயரும் வந்து சேர்ந்தது.

பஸ் மறுபடி இருமி ஓரமாக நின்றது. டிரைவர் சாவியைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, பின்னால் திரும்பி என்னவோ சொன்னான். உதயசூரியன் அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தான். ஆனால் எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து இறங்கினார்கள்.

“எந்திரிங்க, நடந்துதான் போகணும்” என்றாள் கலா.

“அதான் சரியாயிருச்சே. யபின்னானே.”

“யப்பின்னான். நின்னுபோச்சு, இனி ஓடாதுன்னான்.”

அவன் எழுந்திருக்கவில்லை. இடது காதைக் கையால் பொத்திக்கொண்டான். அவளை இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். யபி என்றாள், யப்பி என்றாள். அவள் உட்கார்ந்திருந்தது வலப்பக்கம். வலது காதைத்தான் கம்ப்ரசர் இரைச்சல் தின்றிருந்தது. வீட்டில் டிவி அலறும்போதெல்லாம் கலா கத்துவாள், கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று அவளே மறைத்தும் வைப்பாள். அந்தக் காதில் இரண்டு சொல்லும் ஒன்றாகவே விழுந்தன. நடுவில் இருந்த ஒரு மெய்யெழுத்தைக் காணோம். பேனலில் நின்றால் அந்தக் காதுதான் பள்ளத்தைப் பார்த்திருக்கும்.

மிச்ச தூரத்தை நடந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. கலாவுக்கும் விளங்கிவிட்டது. ஜாபிரின் தெருமுனைக்கு வந்ததும் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அங்க போய்ச் சொல்லித்தான் ஆகணுமா?”

அவன் சட்டையை விடுவித்துக்கொண்டு நடந்தான்.

ஜாபிரின் தம்பி இக்பால் மாடிப்படியில் வந்து கூட்டிப்போய்ப் பாயில் உட்காரவைத்தான், டீ கொடுத்தான். ஜாபிரின் மனைவி நூருன்னிசா, புருஷனை இழந்தவள் காக்கும் இத்தாவில் இருந்தாள். அந்நிய ஆண் முன்னால் வரக்கூடாது என்பதால் உள்ளறை வாசலில் பூப்போட்ட திரை தொங்கியது. கலா வாசல் பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். பிறகு திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. முகம் தெரியாததால் உதயசூரியன் இடது காதைக் கொடுத்துக் கேட்டான்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். கடைசியா நீங்கதான் அவுக குரலைக் கேட்டீக. தப்பாக் கூவிட்டாகன்னு எல்லாரும் பேசுறாக. சாவி எங்கேன்னு கேட்டாக்கூட எந்திரிச்சுப் போய்ப் பாத்துட்டு வந்துதான் சொல்லுவாக. அந்த மனுசனா அப்படிக் கூவுனாக?”

அவன் டீ டம்ளரைப் பாயில் வைத்தான். வேலையை நினைத்தான். ஐம்பதைத் தாண்டிய செவிட்டு ஆபரேட்டருக்கு இந்த ஊரில் எவன் வேலை கொடுப்பான். ஸ்பேனரோடு கவிழ்ந்து கிடந்தவனை நினைத்தான். பம்ப் நின்றுவிட்டது என்று கூவிவிட்டு, மேலே கோ உதயா இருக்கிறான் என்ற தைரியத்தில்தானே அவன் குனிந்து வேலை பார்த்திருப்பான்.

“தப்பாச் சொல்லலம்மா. யப்பின்னுதான் கூவிருக்கான். என் காதுலதான் யபின்னு விழுந்துச்சு. எனக்கு வலது காது கேக்காது. யாருகிட்டயும் சொல்லாம மறைச்சுட்டேன். பட்டனை அமுக்குனது நான்.”

இக்பால் எழுந்து நின்றான். கலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடைத்துக்கொண்டிருந்த அழுகை இப்போதுதான் உதயசூரியனுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினான். அந்த வீட்டில் அழுவதற்குத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது. மூச்சோடு மூச்சாக, மெல்லிய குரலில். யப்பியா, யபியா, அவனுக்குப் பிடிபடவில்லை. புருஷனின் கடைசிச் சொல்லை ஒரு தரம் தன் வாயால் சொல்லிப் பார்த்தாளோ, அல்லது போதும் என்றுதான் சொன்னாளோ. அவன் கலாவைப் பார்த்தான். அவள் தலை நிமிரவில்லை. இக்பாலிடம் கேட்க நா எழவில்லை. ஃபேன் காற்றில் திரை உப்புவதும் அடங்குவதுமாக இருந்தது. உதயசூரியன் கேட்கிற காதைத் திரைப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.